வாக்கி டாக்கி வாங்கியாச்சு... பேசலாமா? கடைகள் கேட்காமல் விட்ட கேள்வி

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 நோட்டீஸ்களை அனுப்பியது. போனது எல்லாம் இணைய விற்பனைத் தளங்களுக்கும் விற்பனையாளர்களுக்கும். விஷயம், வாக்கி டாக்கி. எந்த அலைவரிசையில் பேசும், லைசென்ஸ் வேண்டுமா, அரசின் கருவி ஒப்புதல் இருக்கிறதா என்ற விவரங்கள் சரியாக இல்லாமல் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த 16,970 பட்டியல்களை அடையாளம் கண்டதாக ஆணையம் சொன்னது. அடுத்த சில வாரங்களில் இதற்கென்றே தனி வழிகாட்டு விதிகளும் வந்தன. செய்தி இரண்டு நாள் ஓடியது. அதோடு சரி.

ஆனால் அந்தச் செட்டுகளை வாங்குபவர்கள் கடத்தல்காரர்கள் கிடையாது. நான்கு காரில் மலைக்குக் கிளம்பும் ஐ.டி. நண்பர்கள், ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தை நடத்தும் ஈவென்ட் கம்பெனி, மூன்று டவர் கொண்ட அபார்ட்மென்ட்டின் செக்யூரிட்டி, குறும்படம் எடுக்கும் கல்லூரிப் பசங்க. மொபைலில் தேடினால் பொம்மை விலையில் ஒன்று, ஷூ விலையில் ஒன்று, ஸ்மார்ட்போன் விலையில் ஒன்று வருகிறது. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி: ஒரு ஆன்டெனா, ஒரு பட்டன். 'பத்து கிலோமீட்டர் ரேஞ்ச்' என்று போட்டிருக்கும். நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம் என்பது வாங்கிய பிறகுதான் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் செட்டை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி சிக்கலாகலாம் என்பது, பலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

பேசும் ரேடியோவைச் சோப்பு, ஷாம்பு மாதிரி எல்லாக் கடையிலும் விற்கலாமா? இந்தக் கேள்விக்கு ஒரு நாடு ஏற்கெனவே ஐம்பது வருஷத்துக்கு முன்பே விடை தேடிப் பார்த்துவிட்டது. அங்கே நடந்த கூத்தைத் தெரிந்துகொண்டால் இங்கே என்ன செய்யலாம் என்பது கொஞ்சம் தெளிவாகும்.

மூன்று ஜாதி ரேடியோ

முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம். ஹாம் என்று சொல்லப்படும் அமெச்சூர் ரேடியோ, தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்களுக்கானது. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் தெரிந்திருக்க வேண்டும். பாஸ் செய்தவருக்கு உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். இந்தியாவில் அது பெரும்பாலும் வி.யூ.2 அல்லது வி.யூ.3 என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

சிட்டிசன்ஸ் பேண்ட், சுருக்கமாக சி.பி., பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசை. தேர்வு கிடையாது. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்கும். லாரி டிரைவர்கள் மைக்கைப் பிடித்துப் பேசும் ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பது இதைத்தான்.

மூன்றாவது, குறைந்த பவரில், குறிப்பிட்ட சேனல்களில் மட்டும் இயங்கும் சின்ன வாக்கி டாக்கி. இதற்கும் லைசென்ஸ் வேண்டாம். மூன்றையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைத்தால் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. விற்பவருக்கும் தெரியாது என்பதுதான் நிஜமான பிரச்னை.

ஹாம்களின் கடை ஊருக்கே கடையான கதை

ரேடியோஷாக் 1921இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கிய கடை. கப்பல் ரேடியோ ஆட்களும் ஹாம்களும்தான் வாடிக்கையாளர்கள். நம்ம ஊர் ரிச்சி தெருவில் கெபாசிட்டரும் காயிலும் தேடி அலைகிற ஆட்களை நினைத்துக்கொள்ளலாம். 1960களின் தொடக்கத்தில் நொடித்துப்போகும் நிலையில் இருந்த அந்தக் கடையை, தோல் பொருள் வியாபாரம் செய்துகொண்டிருந்த சார்லஸ் டேண்டி வாங்கினார். ஊருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று கிளைகள் முளைத்தன. உச்சத்தில் 7,000க்கும் அதிகமான கடைகள்.

அந்த வளர்ச்சிக்குப் பெட்ரோல் ஊற்றியது ஒரு பெட்ரோல் தட்டுப்பாடு. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்று குறைக்கப்பட்டது. எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எந்த வளைவில் போலீஸ் நிற்கிறது என்று லாரி டிரைவர்கள் சி.பி.யில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பத்திரிகைகள் எழுதின. 1976 தொடக்கத்தில் 'கான்வாய்' என்ற லாரிக்காரப் பாட்டு அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்துக்குப் போனது. அதன்பிறகு குடும்பக் கார்களிலும் சி.பி. செட் ஏறியது. அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டே 'ஃபர்ஸ்ட் மாமா' என்ற புனைபெயரில் சி.பி.யில் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது சி.பி.க்கும் லைசென்ஸ் உண்டு. தேர்வு இல்லாவிட்டாலும் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். செட் வரும் பெட்டிக்குள்ளேயே அந்தப் படிவத்தை வைத்துக் கொடுத்தார்கள். அதைவிட வசதியாக ஓர் அரசால் ஒரு விதியை மக்களிடம் கொண்டுசேர்க்க முடியாது. 1975இல் கட்டணத்தை 20 டாலரில் இருந்து 4 டாலராகக் குறைத்தும் பார்த்தார்கள். விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. அரசு அலுவலகம் திணறியது. அதே நேரத்தில், படிவத்தைப் பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தவர்களும் ஏராளம். அழைப்புக்குறி சொல்ல வேண்டும் என்ற விதியை யாரும் மதிக்கவில்லை, புனைபெயர்தான் ஓடியது. கடைசியில் 1983இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் சி.பி.க்குத் தனி லைசென்ஸே வேண்டாம் என்று கைகழுவிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சி.பி.க்கு ஒதுக்கப்பட்ட 27 மெகாஹெர்ட்ஸ் இடம் ஒரு காலத்தில் ஹாம்களுடையது. 1958இல் அவர்களிடமிருந்து எடுத்துத்தான் சி.பி.க்குக் கொடுத்தார்கள். சி.பி. கூட்டம் பெருகியதும் அடுத்த அடி விழுந்தது. சிலர் சட்டவிரோதமாகப் பெரிய ஆம்ப்ளிஃபையர் மாட்டிக்கொண்டு அலற, பக்கத்து வீட்டு டி.வி.யில் படம் ஆடியது. புகார்கள் மலைபோல் வந்தன. 1978இல் அந்த அலைவரிசையையும் அதை ஒட்டிய பகுதியையும் தொடும் ஆம்ப்ளிஃபையர்களின் விற்பனையையே ஆணையம் தடை செய்தது. தேர்வு எழுதி, ஒழுங்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ஹாம்களுக்கும் 10 மீட்டர் அலைவரிசைக்கான ஆம்ப்ளிஃபையரைக் கடையில் வாங்க முடியாமல் போனது. விதியை மீறியது யாரோ, அபராதம் கட்டியது வேறு யாரோ.

வியாபாரிகளும் தப்பவில்லை. 1977 ஜனவரி முதல் 23 சேனலுக்குப் பதில் 40 சேனல் என்று அறிவிப்பு வந்ததும், பழைய 23 சேனல் செட்டுகள் கிடங்குகளில் தேங்கின. அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். சில தயாரிப்பு நிறுவனங்கள் திவாலாயின. ரேடியோஷாக் மட்டும் அதே ஆண்டு ஆகஸ்டில் டி.ஆர்.எஸ்.-80 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை அதே கடைகளில் வைத்து, அடுத்த அலையில் ஏறிக்கொண்டது. அது தனிக் கதை.

கடைக்காரர் கொண்டுவந்த தீர்வு

சி.பி. சொதப்பியதைப் பார்த்துக் கடைகளில் ரேடியோ விற்கவே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால் அமெரிக்காவில் நடந்த அடுத்த விஷயம் அந்த முடிவைக் கொஞ்சம் அசைக்கிறது. அதைச் செய்ததும் அதே ரேடியோஷாக்தான்.

1994இல் அந்த நிறுவனம் ஆணையத்திடம் ஒரு மனு போட்டது. குடும்பங்கள் கடைவீதியிலும் காட்டிலும் பேசிக்கொள்ள, லைசென்ஸ் இல்லாத, அரை வாட் பவர் மட்டுமே உள்ள ஒரு சேவை வேண்டும் என்பது கோரிக்கை. 1996இல் 'ஃபேமிலி ரேடியோ சர்வீஸ்' பிறந்தது. 14 சேனல்கள். ஆன்டெனாவைக் கழற்றி மாற்ற முடியாது. பவரைக் கூட்ட முடியாது. ஒதுக்கிய சேனலைத் தாண்டிப் போக முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் பேட்டரி செல்லுக்குப் பக்கத்தில் ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டு விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். 2017இல் சேனல்களை 22 ஆக்கி, பெரும்பாலானவற்றில் பவரையும் 2 வாட் வரை உயர்த்திக் கொடுத்தார்கள். சி.பி. போல அது ஆணையத்துக்குத் தலைவலியாக இருந்திருந்தால் பவரைக் கூட்டிக் கொடுத்திருப்பார்களா?

இரண்டுக்கும் வித்தியாசம் எளிது. சி.பி.யில் விதி காகிதத்தில் இருந்தது. ஃபேமிலி ரேடியோவில் விதி கருவிக்குள்ளேயே இருந்தது. கல்லாவில் நிற்கும் பையனுக்கு ரேடியோ பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. வாங்குபவர் கையேட்டைப் படிக்க வேண்டியதும் இல்லை. தப்பு செய்ய நினைத்தாலும் அந்தச் செட்டால் பெரிதாக முடியாது.

ரேடியோஷாக் பின்னாளில் செல்போன் விற்கும் கடையாக மாறி, 2015 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. ஆனால் அது விட்டுப்போன இந்தப் பாடம் அதற்குள் மறந்துபோயிருந்தது. காரணம், சீனாவிலிருந்து வந்த ஒரு குட்டி செட்.

25 டாலர் செட் திறந்த கதவு

பாஃபெங் யூ.வி.-5ஆர். 2012 வாக்கில் சந்தைக்கு வந்தது. அதுவரை நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய வசதிகளை 25, 30 டாலருக்குக் கொடுத்தது. புதிதாக ஹாம் ஆகும் மாணவர்களுக்கு அது வரப்பிரசாதம், இதில் சந்தேகமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில். 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் அந்தச் செட் பேசும். இந்தியாவில் அந்தப் பகுதியில் ஹாம்களுக்கு உள்ள இடம் 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. மற்றதெல்லாம் காவல்துறை, தீயணைப்பு, கப்பல்கள், நிறுவனங்கள் என்று வேறு வேறு ஆட்களுடைய வீடு.

கடலை எடுத்துக்கொள்வோம். படகுகளில் இருக்கும் வி.எச்.எஃப். செட்டில் ஆபத்து அழைப்புக்கென்று உலகம் முழுக்க ஒதுக்கப்பட்டிருப்பது 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். மேலே சொன்ன எண்களுக்கு நடுவே பாருங்கள், அது உள்ளே விழுகிறது. எஃப்.எம். முறையில் இன்னொரு குணம் உண்டு: இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கலந்து கேட்காது, பலமான சிக்னல் மட்டும் கேட்கும், மற்றது அமுங்கிவிடும். கரையில் நின்று விளையாட்டாகப் பட்டனை அழுத்துகிற ஒருவர், தூரத்தில் மூழ்கும் படகின் குரலைத் தெரியாமலே அமுக்கிவிட முடியும். 'சும்மா டெஸ்ட் பண்ணேன் சார்' என்று அவர் சொல்வது பொய்யாகக்கூட இருக்காது.

அமெரிக்க ஆணையம் 2018 செப்டம்பரில், ஒப்புதல் பெறாத இந்த வகைச் செட்டுகளை இறக்குமதி செய்வதும் விளம்பரப்படுத்துவதும் விற்பதும் சட்டவிரோதம் என்று எச்சரித்தது. அதற்குள் அவை உலகம் முழுக்கப் பரவிவிட்டன. சந்தைக்கு வந்து ஆறு வருஷம் கழித்து வந்த எச்சரிக்கை அது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஹாம் செட்டை யார் வேண்டுமானாலும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம்; பேசத்தான் லைசென்ஸ் வேண்டும். இந்தியாவில் அப்படி இல்லை. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, விலக்கு இல்லாத கருவியைக் கையில் வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டும். பாட்டு கேட்கும் வானொலிப் பெட்டிக்கே தபால் ஆபீஸில் வருஷா வருஷம் கட்டணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி வாங்கியதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த வழக்கம் 1980களில்தான் ஒழிந்தது. பழைய சட்டங்களின் இடத்துக்கு வரும் 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவியை வைத்திருக்க அனுமதி தேவை என்ற அடிப்படையை விடவில்லை.

விலக்குகள் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த பவர் வாக்கி டாக்கிகளுக்கு 2018 விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். சி.பி.க்கும் அப்படித்தான்: 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதும் எந்தச் செட்டாக இருந்தாலும் சரி என்பதும் ஒன்றல்ல. அந்த மாடலுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கருவி ஒப்புதல் இருக்க வேண்டும். பல விற்பனைப் பக்கங்களில் 'லைசென்ஸ் ஃப்ரீ' என்ற வார்த்தை மட்டும் பெரிதாக இருக்கும். மற்ற இரண்டும், அதாவது அலைவரிசையும் ஒப்புதல் எண்ணும், இருக்காது.

கொஞ்சம் யோசித்தால் இது விநோதமான நிலைமை. சட்டப்படி தாராளமாக விற்கக்கூடிய சி.பி. செட் நம் கடைகளில் கண்ணில் படுவதே அரிது. தேர்வு எழுதியவர் மட்டும் வைத்திருக்க வேண்டிய வகைச் செட் ஒரே கிளிக்கில் வீட்டு வாசலுக்கு வருகிறது.

தடை மட்டும் போதாது

2025 விதிகள் சரியான திசையில்தான் போகின்றன. அலைவரிசையும் ஒப்புதலும் சரிபார்க்கப்பட்ட கருவியை மட்டுமே பட்டியலிட வேண்டும் என்று பொறுப்பைத் தளத்தின் தலையில் வைத்தது நல்ல காரியம். படிவத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வாங்குபவரின் மனச்சாட்சியை நம்பிய அமெரிக்கத் தவறு இங்கே திரும்பவில்லை. ஆனாலும் இது பாதி வேலைதான்.

தேவை என்று ஒன்று இருக்கிறது. மலையில் சிக்னல் இல்லை, மண்டபத்தில் போன் எடுக்க மாட்டேங்கிறாங்க, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் டவர் கிடைக்காது. சட்டப்படியான செட் அலமாரியில் இல்லாவிட்டால் இந்தத் தேவை சட்டத்துக்குப் புறம்பான செட்டைத் தேடிப் போகும். 446 மெகாஹெர்ட்ஸ் விலக்கின் அகலம் வெறும் 0.2 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் ஒரு பெரிய திருவிழாக் கூட்டத்தில் எத்தனை குழுக்கள் பேச முடியும்? அந்த இடத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, ஒதுக்கிய சேனலைத் தாண்ட முடியாதபடி பூட்டிய செட்டுகளை மளிகைக்கடை வரை தாராளமாக விற்கவிடுவது, பதினாறாயிரம் பட்டியல்களைத் துரத்திக்கொண்டே இருப்பதைவிட மலிவான வழி.

ஹாம் செட் விஷயம் வேறு. அதைப் பூட்டினால் அது ஹாம் செட்டே இல்லை. திறந்து பார்ப்பதும் மாற்றிக் கட்டுவதும்தான் அந்தப் பொழுதுபோக்கின் உயிர். அதனால் அங்கே பூட்டு கல்லாவில் இருக்க வேண்டும். வாங்கும்போது அழைப்புக்குறியைக் கேட்கலாம். அமெரிக்காவில் ஓர் அழைப்புக்குறியை ஆணையத்தின் இணையதளத்தில் தட்டினால் அது செல்லுபடியாகிறதா என்று யாரும் பார்த்துவிடலாம். அதுபோல விற்பனைத் தளங்களின் கணினியோடு நேரடியாகப் பேசும் ஒரு பட்டியல் இங்கேயும் வந்தால், சரிபார்ப்பு இரண்டு விநாடி வேலை. ஆன்லைனில் சிம் கார்டுக்கு அடையாளம் கேட்கும் நாட்டில் இது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை.

கூடவே, அழைப்புக்குறி வாங்கும் வழியும் எளிதாக வேண்டும். 12 வயது ஆனாலே இங்கே தேர்வு எழுதலாம். தொடக்கநிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் குறியீடுகூடத் தேவையில்லை. ஆனால் தேர்வு எப்போது, எங்கே, முடிவு எப்போது, லைசென்ஸ் எப்போது கைக்கு வரும் என்பது ஹாம் வட்டாரத்தின் நெடுநாள் புலம்பல். அமெரிக்காவில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள். அதைவிட நான்கு மடங்குக்கும் மேல் மக்கள்தொகை உள்ள இங்கே சில பத்தாயிரம் பேரைத் தாண்டாது. செட் இரண்டு நாளில் வந்துவிடும், லைசென்ஸ் மட்டும் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் என்றால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை மெனக்கெடல் எதற்கு, எல்லோரிடமும்தான் போன் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரை நினைவூட்டலாம். ஹாம் செயல்பாட்டுக்குப் பல ஆண்டுகளாக வாய்ப்பில்லாமல் இருந்த அந்தமானுக்கு, சிறப்பு அனுமதி பெற்று பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போயிருந்தது. உலக ஹாம்களோடு பேசி மகிழத்தான் அந்தப் பயணம். 26ஆம் தேதி காலை சுனாமி அடித்தது. போன் இணைப்புகள் போயின. போர்ட் பிளேரில் ஹோட்டலில் வைத்திருந்த வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற அந்த நிலையம் தீவிலிருந்து வெளியே செய்தி கொண்டுபோகும் வழியாக மாறியது. எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்த குடும்பங்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது. அந்தச் செட் கடையில் வாங்கக்கூடியதுதான். அதன் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எந்த அலைவரிசையில், எப்போது, எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இப்போதைக்கு, வாக்கி டாக்கி வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்கள் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். விற்பனைப் பக்கத்தில் 446.0–446.2 என்ற அலைவரிசை எழுதியிருக்கிறதா. கருவி ஒப்புதல் எண் இருக்கிறதா. '136–174' அல்லது '400–520' என்று பெருமையாகப் போட்டிருந்தால், லைசென்ஸ் இல்லாதவருக்கு அது வேண்டாத செட். ஏற்கெனவே வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் பெட்டியைத் திருப்பி அந்த எண்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.